கீழிருந்து இரண்டாவது தட்டு

ஜூன் 14, வெள்ளி. இன்று வகுப்பில் ஒரு சிறிய தவறு செய்தேன். 'அலமாரியில் இரண்டாவது தட்டில் பழைய வால்வு மூடி ஒன்று இருக்கும், அதை எடுத்துப் பெயிண்ட் உரித்துப் பழகு' என்றார் மாஸ்டர். எடுத்தேன். உரித்தேன். நன்றாகவே உரிந்தது. மாஸ்டர் மேலிருந்து எண்ணியிருக்கிறார். நான் கீழிருந்து எண்ணிவிட்டேன்.

எழுதியதை ஒருமுறை படித்தாள். 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். ஸ்கேல் வைத்துத்தான் அடித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும் அவளுக்குக் கோடு கோணக்கூடாது.

மாலை வகுப்பில் அவளுக்கு 'நோட்டு' என்று பெயர். மாஸ்டர் தும்மினால்கூட எழுதிக்கொள்வாள் என்று உடன் படிக்கும் பேக்கரி அக்கா கேலி செய்வாள். பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடுகு அளவு ஸ்க்ரூக்களை முடுக்கி முடுக்கிக் கண் பூத்துப்போன ஒருநாள், "இனிமே பெரிய ஸ்க்ரூ முடுக்கக் கத்துக்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, இஞ்சின் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்ந்தாள். கடையில் லென்ஸ் இழுப்பறைகளுக்குத் தரையிலிருந்து மேலாக எண் போட்டிருப்பார்கள். எட்டு மணி நேரம் கீழிருந்து எண்ணிய கை, மாலையிலும் அப்படியே எண்ணிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அவள் உரித்தது யாருடைய மூடி என்பது, அன்று மாலை மழையோடு மழையாக அவன் வந்தபோதுதான் தெரிந்தது.

பட்டறையின் தகரக் கூரை சடசடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் வந்து நின்றவன் கையில் குடை இருந்தது. ஆனால் குடைக்குள் அவன் இல்லை... மார்போடு அணைத்த ஒரு காகிதப் பொட்டலம்தான் இருந்தது. தலையும் தோளும் தொப்பல்.

"குடையைப் பொட்டலத்துக்குப் பிடிச்சிட்டு வர்றீங்களே, உள்ளே என்ன, தங்கமா?" என்றாள் பேக்கரி அக்கா.

"கார்க் பேக்கிங். நனைஞ்சா ஊதிடும்னு சொன்னாங்க. நான் நனைஞ்சா ஊத மாட்டேன்."

நோட்டு சிரித்துவிட்டாள். அவன் திரும்பினான். ஆவி படர்ந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஈரச் சட்டையிலேயே துடைத்து, துடைத்தது இன்னும் மோசமாகிவிட, கண்ணாடி இல்லாமலே அவளைப் பார்த்தான். கண்ணாடி கழற்றிய கண்கள் அப்போதுதான் தூங்கி எழுந்தவை போல இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி பார்க்கிறாள். இதை நாற்பத்தொன்று என்று கணக்கில் தள்ளிவிட முடியவில்லை... மழையில் கழுவிய புளியங்கொட்டை நிறம். இடது காது பக்க ஸ்க்ரூ லூசாக இருக்கிறது, முடுக்கிக் கொடுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"அது... எங்க காரோட மூடியா?"

வால்வு மூடி என்பது இஞ்சின் தலைமேல் தொப்பி மாதிரி உட்காரும் தகரப் பெட்டி. உள்ளே தெறிக்கும் எண்ணெய் வெளியே வராமல் காப்பது அதுவும், அதன் விளிம்பில் ஒட்டும் கார்க் பேக்கிங்கும்தான். அவனுடைய பழைய பெரிய காரில் இரண்டு வரிசை சிலிண்டர். ஆகவே இரண்டு மூடிகள். இரண்டும் ஒழுகின. ஒழுகலை மட்டும் நிறுத்துங்கள், பெயிண்ட்டைத் தொட வேண்டாம் என்று சீட்டெழுதிக் கட்டிவிட்டுப் போயிருந்தான். சீட்டு இடது மூடியில் இருந்தது. அவள் எடுத்தது வலது மூடி. அது இப்போது அவள் கையில் கண்ணாடி போல வெறும் உலோகமாகப் பளபளத்தது.

"அந்தப் பச்சை எங்க அப்பா கையால அடிச்சது," என்றான். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. "ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சின பெயிண்ட். பிரஷ் முடிகூட அதுல ஒட்டியிருக்கும்."

"ஆமாம்... மூணு முடி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எண்ணினீங்களா?"

"எல்லாத்தையும் எண்ணுவேன்," என்றாள் மெதுவாக. "தட்டை மட்டும் தப்பா எண்ணிட்டேன்."

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாஸ்டரிடம்தான் பேசினான். அவன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன். அப்பா போய் இரண்டு வருஷம். அன்றிலிருந்து அம்மா அந்தக் காரில் காலெடுத்து வைக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தபின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள். ஏற மனம் வந்தால் கார் வீட்டில் இருக்கட்டும். வராவிட்டால் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடு என்பது அவள் வைத்த நிபந்தனை.

"அப்பா வேலை செய்யும்போது அம்மாதான் பக்கத்துல நின்னு டார்ச் அடிப்பாங்க. பானெட்டைத் திறந்தா அந்தப் பச்சைதான் முதல்ல தெரியும்... அதைப் பார்த்தா ஏறிடுவாங்கன்னு நினைச்சேன்."

அவன் போனபின் மழையும் விட்டது. அவள் மட்டும் இன்னும் நனைந்துகொண்டிருப்பது போல நின்றாள்.

*

திங்கட்கிழமை காலை கடைக் கதவு மணி அடித்தது. நிமிர்ந்தாள். அவன். ஒரு கையில் மூக்குக்கண்ணாடி, மறு கையில் தனியாகக் கழன்ற அதன் கால்.

அவனும் அவளை அங்கே எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் கண்ணாடி இல்லாமல் வாசற்படி தெரியாதே...

"பயப்படாதீங்க," என்றாள். "இதுல உரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை."

அவன் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. "ஃப்ரேம் தங்க முலாம். பார்த்து."

சிரித்துவிட்டார்கள். புது ஸ்க்ரூ போட்டு, மறுபடி கழலாதபடி ஒரு சொட்டுப் பசையும் வைத்தாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். லென்ஸின் மையம் அவன் கண்ணுக்கு நேராக இல்லை என்று தோன்றியது. அளவு ஸ்கேலை எடுத்து அவன் புருவத்துக்குக் கீழே பிடித்தாள்.

"என் இடது கண்ணைப் பாருங்க."

பார்த்தான்.

"இப்ப வலது கண்ணை."

பார்த்தான். அங்கும் இங்கும் அலைகிற கண் அல்ல அது. வரைபடத்தில் ஓர் ஊரைத் தேடி அங்கேயே தங்கிவிடுகிற கண். இரு கண்மணிகளுக்கும் நடுவே அறுபத்து நாலு மில்லிமீட்டர் என்று குறித்தாள். சந்தேகம் வந்தது. மறுபடி அளந்தாள்... அறுபத்தாறு. இன்னொரு முறை... அறுபத்து மூணு.

"என் கண்ணு நகருதா என்ன?" என்றான்.

"இல்ல... ஸ்கேல்தான்."

கடையில் சேர்ந்த இரண்டு வருஷத்தில் ஸ்கேல் அவளுக்கு இப்படிச் செய்ததில்லை.

அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் அதைச் சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உரிக்கும்போது... பச்சைக்குக் கீழே சிவப்பு இருந்துச்சு."

அவன் முகம் அணைந்த விளக்கு போல ஆனது.

"சிவப்பா? எங்க அப்பாவுக்குச் சிவப்புன்னாலே ஆகாது. எங்க வீட்டுல சிவப்புல ஒரு துண்டுத் துணிகூடக் கிடையாது."

"நான் பார்த்தேன்..."

"பரவாயில்லைங்க. தப்பு நடந்துடுச்சு. அதை லேசாக்கறதுக்காக எதையாவது சொல்ல வேண்டாம்."

அவன் போனபின் அவள் ஸ்கேலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். தவறு செய்தவள் என்று சொல்லட்டும், அது உண்மை. பொய் சொல்கிறவள் என்று நினைத்துவிட்டானே. இனி அந்தச் சிவப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்தாள். ஞாயிறுக்குள் மூடியைச் சரியாக்கிக் கொடுப்பது, அதோடு வகுப்பை விட்டு நின்றுவிடுவது. இதையும் நோட்டில் எழுதினாள், எண் போட்டு.

*

செவ்வாய் முதல் பள்ளி விட்டதும் அவனும் பட்டறைக்கு வந்துவிட, மூன்று பேர் வேலை செய்தார்கள். இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. பேக்கரி அக்கா நடுவில் தபால்காரியானாள்.

"பூகோளத்துக்கிட்ட அந்த இரும்பு ஸ்கேலைக் கேளுங்க அக்கா."

"பக்கத்துலதானே நிக்கிறார்? என் தலைக்கு மேலேயே எட்டி வாங்கலாம்," என்பாள் அக்கா. ஆனாலும் வாங்கிக் கொடுப்பாள்.

ஸ்கேலை மூடியின் விளிம்பில் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தாள் நோட்டு. விளிம்பும் ஸ்கேலும் ஒட்டியிருந்தால் வெளிச்சம் வரக்கூடாது. வந்தது. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகரம் குழிந்து, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் பிறைபிறையாக வெளிச்சம் கசிந்தது.

"ரொம்ப இறுக்கியிருக்காங்க," என்றாள், அக்காவைப் பார்த்து. "ஒழுகுதேன்னு இறுக்க, தகரம் வளைய, அதனால இன்னும் ஒழுக..."

இந்த முறை தபால்காரி தேவைப்படவில்லை. "அப்பா அப்படித்தான்," என்றான் அவன், டார்ச் வெளிச்சத்தையே பார்த்தபடி. "தண்ணிக் குழாயை மூடினார்னா அடுத்த ஆள் திறக்க முடியாது. ஊறுகாய் பாட்டில், சைக்கிள் நட்டு, எல்லாம் அப்படித்தான். அம்மா திட்டிக்கிட்டே துணி சுத்தித் திறப்பாங்க."

மரக்கட்டைமேல் மூடியைக் கவிழ்த்து, குழிந்த இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். ஒரு தட்டு, ஒரு பார்வை. ஒரு தட்டு, ஒரு பார்வை. அவன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசிப் பிறையும் மறைந்து விளிம்பு முழுக்க இருட்டானபோது இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். உடனே, இருவரும் அப்படிச் செய்யவே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்கள்.

இடது மூடியையும் பெயிண்ட்டில் கீறல் படாமல் துணி சுற்றிச் சமன் செய்தாள். ஆனால் வலது மூடிக்குப் பச்சைதான் கிடைக்கவில்லை. புதன்கிழமை ஒரு பச்சை கலந்தாள். இலை போல இருந்தது. வியாழக்கிழமை ஒன்று, பாசி போல. வெள்ளிக்கிழமை கலந்தது கிட்டத்தட்ட வந்துவிட்டது, காய்ந்தபின் விலகிப் போனது. வெயிலும் எண்ணெயும் சூடும் முப்பது வருஷம் சேர்ந்து கலந்த நிறத்தை மூன்று நாளில் எப்படிக் கலப்பது...

நடுவில் வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்தான். ஸ்க்ரூ மறுபடி கழன்றுவிட்டது. அவளுக்கு முகம் வெளுத்தது. பசை சரியாகப் பிடிக்கவில்லையா? துடைக்காமல் வைத்தேனா? அவன் முன்னாலேயே நோட்டைத் திறந்து, 'பசை நிற்கவில்லை. என் தவறு' என்று எழுதிவிட்டு, புதிதாக வைத்தாள். சனிக்கிழமையும் வந்தான். மறுபடி கழன்றிருந்தது.

"இந்தக் கையால எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது," என்று அன்று மாலை அக்காவிடம் சொன்னாள். "நாளையோட நான் வகுப்பை விடறேன் அக்கா."

"விட்டுட்டு?"

"சின்ன ஸ்க்ரூவே போதும். அதுவும் இப்போ நிக்க மாட்டேங்குது."

அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நோட்டு, நீ எல்லாத்தையும் எழுதறே. எது எழுத வேண்டியதோ அதை மட்டும் விட்டுடறே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை கார் பட்டறை முற்றத்தில் நின்றது. இடப்பக்க மூடி பழைய பச்சை. வலப்பக்க மூடி வெறும் சாம்பல் நிறப் பிரைமர் அடிப்பூச்சு. பொருந்தாத பச்சையை அடித்து ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அவனும் வேண்டாம் என்றுவிட்டான். கார்க்கை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டி, ஆறு ஆறு போல்ட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு விரலால் பிடித்த ஸ்பேனரால், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கியிருந்தாள்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கைப்பையை இறுக்கிப் பிடித்த, குள்ளமான, வேகமான பெண்மணி. காரை நிமிர்ந்து பார்க்காமல் நேராக இவளிடம் வந்தாள்.

"மூடியை உரிச்ச பொண்ணு நீதானாம்மா?"

"ஆமாங்க... மன்னிச்சிடுங்க."

"இரு, மன்னிப்பு எங்கே ஓடிப் போகுது. திறடா."

அவன் பானெட்டைத் தூக்கினான். அம்மா எட்டிப் பார்த்தாள். பச்சையை ஒரு கணம் பார்த்தாள். பார்வை அங்கே நிற்கவில்லை. சாம்பல் மூடிக்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"உரிக்கும்போது... கீழே வேற கலர் ஏதாவது இருந்துச்சா?"

கேள்வி நோட்டிடம்தான். இனி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறாள். தரையைப் பார்த்தாள். பதில் அவனிடமிருந்து வந்தது.

"சிவப்பு இருந்துச்சுன்னு அவங்க சொன்னாங்கம்மா. நான்தான் நம்பல."

"சிவப்பா..." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அது இன்னும் இருந்துச்சா?"

அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. நோட்டு தன் பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். முப்பத்தொன்றாம் பக்கம். கண்ணாடித் தாளால் ஒட்டிய இரண்டு பெயிண்ட் துண்டுகள்: ஒரு பிரஷ் முடியோடு பச்சை, அதன் கீழே, நகத்தளவு, சிவப்பு. பக்கத்தில் அவள் கையெழுத்து. அவனும் எட்டிப் பார்த்து, மெல்ல வாசித்தான்.

"'பச்சை பால் ஆடை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. சிவப்பின்மேல் உப்புத்தாள் கீறல் ஒன்றுகூட இல்லை. பச்சை அடித்தவர் சிவப்பைத் தேய்க்கவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை. சிவப்பு மட்டும் லேசில் விடவில்லை.'"

அம்மா அந்தச் சிவப்பை ஒற்றை விரலால் தொட்டாள்.

"காரை வாங்கின புதுசுல கலருக்குச் சண்டை. வெளியே என் இஷ்டம், பானெட்டுக்கு உள்ளே உன் இஷ்டம்னார் உங்கப்பா. நான் சிவப்புன்னேன். ரெண்டு நாள் தேய்ச்சு, பொறுமையா அடிச்சுக் கொடுத்தார். நீ ரெண்டு வயசா இருக்கும்போது பெரிய சண்டை ஒண்ணு. உன்னைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தா... பச்சை. என் சிவப்பைச் சுரண்டித் தூக்கிப் போட்டுட்டார்னு நினைச்சேன். நான் கேட்கல. கேட்டா தோத்துப்போன மாதிரி. அவரும் சொல்லல. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள ஒரு சிவப்புத் துணி நான் வாங்கினதில்ல. இருபத்தெட்டு வருஷம், பக்கத்துல நின்னு அந்தப் பச்சைமேலதான் டார்ச் அடிச்சேன்."

"அம்மா..."

"சுரண்டலையே இவர்," என்றாள் அம்மா. கண் நிறைந்து, சிரிப்பும் வந்தது. "மேலேயே பூசி மூடி வச்சிருக்கார். அழுத்தக்கார மனுஷன்... இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

கைப்பையை மகனிடம் கொடுத்தாள். தானே கதவைத் திறந்துகொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னடா பார்க்கறே. வண்டியை எடு. நீயும் ஏறும்மா."

*

நாலு தெரு சுற்றி வந்தார்கள். பட்டறை திரும்பும்போது தூறல் பிடித்திருந்தது. அம்மா இறங்கவில்லை.

"நான் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கேன். நீங்க போய் ஒழுகுதான்னு பாருங்க."

முற்றத்துத் தகரப் பந்தலின் கீழ் பானெட் உயர்ந்தது. அந்தப் பக்கம் அம்மா. இந்தப் பக்கம் இரண்டு தலைகள், ஒரு டார்ச். இஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. விளிம்பு முழுக்க வெளிச்சம் ஓட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகல," என்றாள்.

"நான் உங்களை நம்பியிருக்கணும்."

"பரவாயில்லைங்க..."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு நான் சொன்ன பரவாயில்லை எவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியும்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். அதன் கால் ஆடியது. "வகுப்பை விடப்போறீங்கன்னு அக்கா சொன்னாங்க."

"என் கை சரியில்லைங்க. பாருங்க, உங்க ஸ்க்ரூகூட நிக்கல. மூணு தடவை பசை வச்சும்..."

"பசை நல்லாத்தான் நின்னுது." அவன் டார்ச்சைப் பார்த்துப் பேசினான். "அதை உடைக்க ஊசியால அரை மணி நேரம் ஆச்சு. ரெண்டாவது தடவை இன்னும் கஷ்டம். நேத்து ராத்திரி மூணாவது."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"நீங்களே கழட்டினீங்களா?"

"ஆமாம்."

"நான் ரெண்டு ராத்திரி தூங்கல. என் தவறுன்னு எழுதி வேற..."

"நீங்க எழுதினதைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல." தூறல் தகரத்தில் பொடிப்பொடியாக விழுந்தது. "எங்க வீட்டுல இருபத்தெட்டு வருஷம் ஒருத்தர் கேட்கல, ஒருத்தர் சொல்லல. நான் அப்படி இருக்க வேண்டாம்னு பார்க்கறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க நோட்டை... முடி எண்ணுறதை... எல்லாத்தையும்."

டார்ச்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். அப்புறம், ஒரு குறிப்பை வாசிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக...

"அன்னைக்கு உங்க கண்ணை மூணு தடவை அளந்தேன். மூணும் வேற வேற வந்துச்சு. எனக்கு அப்படி வரவே வராது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை எந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

காருக்குள்ளிருந்து ஹாரன் ஒருமுறை அடித்தது.

"ஒழுகுதா இல்லையாடா? ரெண்டு பேரும் ஏன் சத்தமே காணோம்?"

"ஒழுகலம்மா," என்றான் அவன்.

அன்று இரவு நோட்டில் முப்பத்திரண்டாம் பக்கம் திறந்தது. வகுப்பை விடுவது என்ற வரியின்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு விழுந்தது. கோடு கொஞ்சம் கோணல், அப்படியே விட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு. நாளைய வேலை. காலை பத்து மணிக்கு அவர் கடைக்கு வருவார். புது ஸ்க்ரூ போட வேண்டும், பசை வேண்டாம். மாலை, இஞ்சின் நன்றாக ஆறியிருந்தால், வலது மூடியைக் கழற்ற வேண்டும். சிவப்பு, இரண்டு பூச்சு. இடது மூடியில் பச்சை அப்படியே இருக்கும். அதைத் தொட வேண்டாம்.